எடை தெரியாமல் எழும்பக் கூடாது

ராபின்சன் ஆர்-44 என்ற சின்ன ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின். உலகம் முழுக்கப் பயிற்சிக்கும் சுற்றுலாவுக்கும் பறந்துகொண்டிருப்பது. அதன் முன் இருக்கைகளில் ஆளுக்கு 122 கிலோ எடையுள்ள இருவர் உட்காருகிறார்கள். பின்னால் யாரும் இல்லை, பெட்டி படுக்கையும் இல்லை. டேங்குகள் நிறையப் பெட்ரோல். ஓர் இருக்கைக்கு 136 கிலோ வரை ஏற்றலாம் என்கிறது கையேடு. இருவருமே அதற்குக் கீழேதான். மொத்த எடையும் வரம்புக்குக் கீழே. புறப்படலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும், புறப்படவும் முடியும். ஆனால் பெட்ரோல் எரிய எரிய, ஹெலிகாப்டரின் பாரம் மூக்குப் பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். யாரும் இடம் மாறவில்லை, எதையும் புதிதாக ஏற்றவில்லை. இருந்தும் இறங்கும் நேரத்தில் அது பாதுகாப்பு எல்லைக்கு வெளியே போயிருக்கும்.

எண்களில் பார்த்தால்தான் இது பிடிபடும். ராபின்சன் நிறுவனம் எல்லாத் தூரங்களையும் மேலே சுழலும் ரோட்டாரின் தண்டுக்கு 100 அங்குலம் முன்னால் உள்ள ஒரு கற்பனைக் கோட்டிலிருந்து அளக்கிறது. ஆக, தண்டு இருப்பது 100-ல். முன் இருக்கைகள் 49.5-ல். டேங்குகள் தண்டுக்குச் சற்றுப் பின்னால், சராசரியாக 104.5 பக்கத்தில். ஆளும் பெட்ரோலும் இல்லாத ஹெலிகாப்டரின் எடை 1,520 பவுண்டு, அதன் ஈர்ப்பு மையம், அதாவது முழு எடையும் சமனாகும் புள்ளி, 106.5 அங்குலத்தில் என்று வைத்துக்கொள்வோம். இவை ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் மாறும். முன்னால் இருவரும் சேர்ந்து 538 பவுண்டு. பெட்ரோல் 279 பவுண்டு. ஒவ்வோர் எடையையும் அதன் தூரத்தால் பெருக்கி, அனைத்தையும் கூட்டி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். புறப்படும்போது ஈர்ப்பு மையம் 93.1 அங்குலத்தில் நிற்கிறது, எல்லைக்குள். அரை மணி நேரத்துக்கான 50 பவுண்டு பெட்ரோல் மட்டும் மிஞ்சியிருக்கும்போது அது 91.9-க்கு வந்துவிடுகிறது. முன்பக்க எல்லை 92.

இந்தப் பெருக்கலையும் கூட்டலையும் வகுத்தலையும்தான் இன்று விமானிகளின் கைபேசியிலும் டேப்லெட்டிலும் உள்ள செயலிகள் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடுகின்றன. தாராளமாகச் செய்யட்டும். ஒவ்வொரு பறப்புக்கு முன்னாலும் செய்ய வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் செயலி கூட்டுகிறது, அவ்வளவுதான். எடை போடுவது அதன் வேலை இல்லை. இந்த வித்தியாசம் மறக்கப்பட்ட இடத்தில், மறைக்கப்பட்ட இடத்தில், உயிர்கள் போயிருக்கின்றன.

தண்டில் தொங்கும் பாரம்

பறக்கும் ஹெலிகாப்டரின் முழு எடையும் ரோட்டார் தண்டில்தான் தொங்குகிறது. சந்தையில் வெள்ளிக்கோலால் புளி நிறுத்ததைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கோலைத் தூக்கும் கயிற்றை ஒரு விரல்கடை நகர்த்தினால் போதும், கோல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். தட்டில் இருக்கும் புளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தாங்கும் இடத்திலிருந்து அதன் தூரம்தான் மாறியது. ஹெலிகாப்டரிலும் எவ்வளவு எடை என்ற கேள்விக்குச் சமமாக, அது எங்கே இருக்கிறது என்ற கேள்வியும் முக்கியமாகிறது.

பொதுவாக, இறக்கை வைத்த விமானங்களைவிட ஹெலிகாப்டருக்கு இந்த விஷயத்தில் இடம் குறைவு. ஈர்ப்பு மையம் முன்னும் பின்னும் நகர அனுமதிக்கப்பட்ட தூரம் சில ஹெலிகாப்டர்களில் 3 அங்குலத்துக்கும் குறைவு என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் கையேடு எச்சரிக்கிறது.

பாரம் முன்னால் கூடினால் மூக்கு தாழும். விமானி சைக்ளிக் தடியைப் பின்னால் இழுத்து மூக்கைத் தூக்குவார். நேராகப் பறக்கவே பாதி இழுத்துவிட்ட தடியை, இறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கும்போது இன்னும் இழுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் தடி முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் இழுக்க இடமில்லை. ஹெலிகாப்டர் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும், நிறுத்த வழி இருக்காது. எஞ்சின் நின்றுபோய், ரோட்டாரின் சுழற்சியை மட்டும் நம்பி இறங்க வேண்டிய நேரத்தில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

எடை குறைவாக இருப்பதும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. மெலிந்த மாணவர் ஒருவர் தனியாக, டேங்க் நிறையப் பெட்ரோலோடு கிளம்பினால், முன்னால் போதிய பாரம் இல்லாமல் வால் தாழும். அதனால்தான் தனியாக ஓட்டுபவர் ஆர்-44-ல் குறைந்தது 68 கிலோவும், இரண்டு இருக்கை ஆர்-22-ல் குறைந்தது 59 கிலோவும் இருக்க வேண்டும் என்று ராபின்சன் வரையறுத்திருக்கிறது. அதற்குக் குறைந்தால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் பார மூட்டை கட்ட வேண்டும்.

இடவலச் சமநிலை இன்னொரு தலைவலி. சாதாரணச் சிறு விமானத்தில் இதைப் பெரும்பாலும் யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஹெலிகாப்டரில் விட முடியாது. விமானி வலப்பக்கம் தனியாக உட்கார்ந்திருப்பார். ஆர்-44-ன் பெரிய டேங்க் இடப்பக்கம், சிறிய டேங்க் வலப்பக்கம். மீட்புப் பணியில் ஒரு பக்கக் கதவருகே கம்பியில் ஆளைத் தொங்கவிட்டுத் தூக்குகிறார்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே ஹெலிகாப்டருக்குச் செயலி தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது, அது இடவலக் கணக்கையும் போடுகிறதா என்பதைத்தான். விமானங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட செயலியில் ஹெலிகாப்டரின் பெயர் பட்டியலில் இருப்பதாலேயே அது ஹெலிகாப்டருக்கு உதவும் என்று ஆகிவிடாது.

செயலி தந்த நன்மை

ஐபேட் 2010-ல் வந்தது. சில ஆண்டுகளிலேயே விமானிகள் தோளில் சுமந்த கனத்த பைகளின் இடத்தைத் தட்டையான ஒரு திரை பிடித்துக்கொண்டது. ஃபோர்ஃபிளைட், கார்மின் பைலட் போன்ற பெரிய செயலிகளில் வரைபடம், வானிலையோடு எடைக் கணக்கும் ஒரு பகுதி. எடைக் கணக்கை மட்டுமே செய்யும் சின்னச் செயலிகளும் உண்டு.

முன்பு இதைக் காகிதத்தில் அட்டவணை போட்டு, கால்குலேட்டரில் பெருக்கி, வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துச் செய்தார்கள். கடினமான கணக்கு ஒன்றும் இல்லை, பள்ளி மாணவரே போடலாம். ஆனால் அலுப்பானது. பயணி ஒருவர் கடைசி நேரத்தில் மாறினால் முதலிலிருந்து எழுத வேண்டும். வரிசையில் ஆட்கள் காத்திருக்க, வெயில் ஏற ஏற, ‘நேற்றைப் போலத்தானே’ என்று கணக்கைத் தாண்டிப் போகும் சபலம் யாருக்கும் வரும். அந்தச் சபலத்துக்குச் செயலி இடம் வைப்பதில்லை. பெயரைத் தட்டி எண்ணை மாற்றினால் விடை மாறிவிடுகிறது.

இதைவிடப் பெரிய நன்மை, ‘இப்படிச் செய்தால் என்ன’ என்று உடனே பார்க்க முடிவது. மேலே சொன்ன இருவரில் ஒருவரைப் பின் இருக்கைக்கு மாற்றிப் பாருங்கள். பின் இருக்கை 79.5 அங்குலத்தில். ஈர்ப்பு மையம் புறப்படும்போது 96.6; பெட்ரோல் முழுவதும் தீர்ந்தாலும் 95.5. இரண்டுமே எல்லைக்கு நன்றாக உள்ளே. பயணியிடம் ‘கொஞ்சம் பின்னால் உட்காருங்கள்’ என்று சொல்வதோடு சிக்கல் தீர்ந்தது. நல்ல செயலி புறப்படும் புள்ளியையும் பெட்ரோல் தீர்ந்த புள்ளியையும் ஒரே படத்தில் வைத்து, இரண்டுக்கும் இடையே கோடு போட்டுக் காட்டுகிறது. அந்தக் கோடு எல்லையைக் கடப்பதைக் கண்ணால் பார்த்தவர் அதை மறக்க மாட்டார். புறப்படும் புள்ளியை மட்டும் பச்சை நிறத்தில் காட்டி நிறுத்திக்கொள்ளும் செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹெலிகாப்டருக்கு அது அரைக் கணக்கு.

பொய் எடையும் சரியான கூட்டலும்

2008 ஆகஸ்ட் 5. வடக்கு கலிபோர்னியாவின் வீவர்வில் ஊருக்கு அருகே மலைக்காட்டில் தீ. களைத்துப்போன தீயணைப்பு வீரர்களைச் சுமார் 6,000 அடி உயரத்தில் இருந்த தற்காலிகத் தளத்திலிருந்து சிகோர்ஸ்கி எஸ்-61 ரக ஹெலிகாப்டர் ஒன்று இறக்கிக்கொண்டிருந்தது. மாலை நேரம். முன்பு இரண்டு முறை ஆட்களை ஏற்றிச் சென்ற அது, மூன்றாம் முறை எழும்பியபோது உயர முடியாமல் மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த 13 பேரில் 9 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தீயை எதிர்த்து நின்று, திரும்பும் வழியில் இறந்தவர்கள்.

அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010 டிசம்பரில் தன் முடிவைச் சொன்னது. விமானிகள் எடைக் கணக்கைப் போட்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டிருந்த எண்கள் பொய். ஹெலிகாப்டரை இயக்கிய கார்சன் நிறுவனம், அமெரிக்க வனத்துறையின் ஒப்பந்தத்துக்காக, ஹெலிகாப்டரின் வெற்று எடையை வேண்டுமென்றே குறைத்துக் காட்டியிருந்தது. அந்த வித்தியாசம் மட்டுமே சுமார் 650 கிலோ. எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்று காட்டும் வரைபடமும் திருத்தப்பட்டிருந்தது. மேற்பார்வை பார்க்க வேண்டிய எஃப்.ஏ.ஏ.வும் வனத்துறையும் கோட்டை விட்டதையும் வாரியம் சுட்டிக்காட்டியது. அந்த நிறுவனத்தின் முன்னாள் துணைத் தலைவருக்கு 2015-ல் 12 ஆண்டு 7 மாதம் சிறைத் தண்டனை கிடைத்தது.

அன்று அந்த விமானிகளிடம் உலகின் மிகச் சிறந்த செயலி இருந்திருந்தாலும் விடை மாறியிருக்காது. பொய் எடையை அது தசமப் புள்ளி பிசகாமல் கூட்டி, ‘பறக்கலாம்’ என்று பச்சை விளக்குக் காட்டியிருக்கும். எடைச் செயலிகளைப் பற்றிப் பேசும் யாரும் வீவர்வில்லைத் தாண்டிப் பேச முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

வஞ்சகம் இல்லாமலும் இது நடக்கும். 2020 ஜூலை 21 அன்று பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மயோர்க்காவுக்குக் கிளம்பிய டியூஐ நிறுவனத்தின் போயிங் 737, தாளில் இருந்ததைவிட 1,244 கிலோ கூடுதல் எடையோடு எழும்பியது. முன்பதிவு மென்பொருள், பெயருக்கு முன்னால் ‘மிஸ்’ என்று போட்ட வளர்ந்த பெண்களையெல்லாம் சிறுமிகள் என்று எடுத்துக்கொண்டு, ஆளுக்கு 69 கிலோவுக்குப் பதில் 35 கிலோ என்று கணக்கிட்டுவிட்டது. பெரிய விமானம், ஓடுபாதையும் நீளம். விபத்து எதுவும் நடக்கவில்லை. இதே பிழை நான்கு இருக்கை ஹெலிகாப்டரில், ஒரே ஒரு பயணி விஷயத்தில் நடந்தால், தாங்கிக்கொள்ள அங்கே இடமில்லை.

எண்கள் எங்கிருந்து வருகின்றன?

ஆர்-44 என்ற ஒரே பெயரில் பல ரகங்கள் பறக்கின்றன. ரேவன்-1 ரகத்துக்கு அதிகபட்ச எடை 2,400 பவுண்டு. ரேவன்-2 ரகத்துக்கு 2,500. இரண்டு இருக்கையோடு வரும் கேடட் ரகத்துக்கு 2,200. செயலியில் ‘ஆர்-44’ என்று தட்டியதும் வரும், எண்கள் முன்கூட்டியே நிரப்பிய வார்ப்பு இவற்றில் எதனுடையது? ரேவன்-1-ஐ ஓட்டுபவர் ரேவன்-2-ன் வார்ப்பில் கணக்குப் போட்டால், இல்லாத 45 கிலோ சலுகையைத் தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிறார்.

வார்ப்பு சரியாக இருந்தாலும், ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் தனி எடை உண்டு. புதிய ரேடியோ பொருத்தினால், கதவைக் கழற்றினால், இரட்டைக் கட்டுப்பாட்டை எடுத்தால் அது மாறும். கடைசியாக எடை போட்டபோது எழுதிய அறிக்கை ஹெலிகாப்டரின் ஆவணங்களில் இருக்கும். செயலியில் இருக்க வேண்டியது அந்த எண். போன ஆண்டின் எண்ணோ, பக்கத்துக் கொட்டகையில் நிற்கும் அதே ரக ஹெலிகாப்டரின் எண்ணோ அல்ல. பராமரிப்பு முடிந்து வந்ததும் ஆவணத்தில் திருத்தும் பொறியாளர், பத்து விமானிகளின் பத்து டேப்லெட்டில் போய்த் திருத்துவதில்லை. ஒவ்வொருவரும் தாமாகத் திருத்தியாக வேண்டும்.

அப்புறம் அலகு. பவுண்டா கிலோவா, லிட்டரா கேலனா? ஒரு கேலன் விமானப் பெட்ரோல் 6 பவுண்டு. டர்பைன் எஞ்சினுக்கான எரிபொருள் அதைவிடக் கனம், 6.7 பவுண்டுக்கு மேல். 1983-ல் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து எஞ்சின்கள் நின்று, மிதந்தே வந்து கிம்லி என்ற பழைய தளத்தில் இறங்கியது. கிலோவில் நிரப்ப வேண்டியதைப் பவுண்டுக் கணக்கில் நிரப்பியதே காரணம். கட்டத்துக்குப் பக்கத்திலேயே அலகைப் பெரிதாகக் காட்டாத செயலியை நீக்கிவிடலாம்.

கருவிக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. ஐபேடைப் பயன்படுத்தச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது ஆப்பிள். கண்ணாடிக் குமிழுக்குள் வெயில் அடிக்கும் ஹெலிகாப்டரில் அதைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. திரை கறுத்துப் போகும். காகிதப் படிவம் ஒன்று பையில் இருக்கட்டும்.

சட்டம் இதையெல்லாம் ஓரளவு பார்த்திருக்கிறது. விமானியின் மின்னணுப் பை, அதாவது காகிதப் பையின் இடத்துக்கு வந்த டேப்லெட்டும் செயலிகளும், பற்றிய எஃப்.ஏ.ஏ.வின் 2017 வழிகாட்டுதல், எடைக் கணக்கை வெறும் வாசிப்புக்கான மென்பொருளிலிருந்து பிரித்து, கூடுதல் கவனம் தேவைப்படும் இரண்டாம் வகையில் வைக்கிறது. வணிக நிறுவனங்கள் அனுமதி பெற்றே பயன்படுத்த முடியும். இந்தியாவில் அந்த அனுமதியைத் தருவது விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. சொந்தமாகப் பறக்கும் அமெரிக்க விமானிக்கு முன் அனுமதி தேவையில்லை, பொறுப்பு மட்டும் முழுவதும் அவருடையது. கடையில் இறக்கிய செயலி தப்பாகச் சொன்னது என்று விசாரணை அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியாது.

மலையில் மாறும் வரம்பு

எடை வரம்புக்குள் இருக்கிறது என்று செயலி சொல்வது ஒரு கேள்விக்கான விடைதான். இன்றைய வெப்பத்தில், இந்த உயரத்தில், இந்த எடையைத் தூக்க முடியுமா என்பது வேறு கேள்வி. காற்று மெலிந்தால் ரோட்டாரும் எஞ்சினும் பலம் குறையும். கடல் மட்டத்தில் இலகுவாகத் தூக்கிய பாரத்தை மலையில் அசைக்கக்கூட முடியாமல் போகலாம். 2005 மே 14 அன்று டிடியே டெல்சால் என்ற பிரெஞ்சு விமானி ஏஎஸ்-350 ரக ஹெலிகாப்டரை எவரெஸ்ட் உச்சியில் இறக்கிச் சாதனை படைத்தபோது, பயணி இருக்கைகள் உட்படத் தேவையில்லாததையெல்லாம் கழற்றி 120 கிலோ குறைத்திருந்தார். உலகச் சாதனைக்கே கிலோ கிலோவாகத்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

நம் ஊரிலிருந்து ஆண்டுதோறும் யாத்திரை போகிறவர்கள் இதை நேரில் சந்திக்கும் இடம் கேதார்நாத். கோயில் இருப்பது சுமார் 3,580 மீட்டர் உயரத்தில். குப்தகாசி, ஃபாட்டா, சிர்சி தளங்களிலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டரில் ஏறுவதற்கு முன் பயணியை எடை மெஷினில் நிற்க வைக்கிறார்கள். கணவன் மனைவியை அடுத்தடுத்த இருக்கையில் விடாமல் பிரித்து உட்கார வைப்பதும் உண்டு. சிலருக்கு அது அவமானமாகப் படுகிறது, சிலர் சண்டை போடுகிறார்கள். அந்த மெஷினில் தெரியும் எண்தான் விமானியின் கணக்கில் உள்ள ஒரே உண்மையான எண்ணாக இருக்கலாம் என்பதை யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொன்னால் நல்லது.

பயிற்சிப் பள்ளிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மாணவர் கையால் கணக்குப் போட்டு, விடை எந்தப் பக்கம் விழும் என்று பார்க்காமலே ஊகிக்கக் கற்ற பிறகே செயலியைத் திறக்க விடுங்கள். உத்தேச விடை மனத்தில் இருப்பவருக்குத்தான் திரையில் தப்பு வந்தால் உறுத்தும். ஹெலிபேடு நடத்துபவர்கள், செயலிக்குச் சந்தா கட்டுவதற்கு முன் நல்ல எடை மெஷின் ஒன்றை வாங்கி வையுங்கள்.

பயணிகளுக்கு: எங்காவது ஹெலிகாப்டரில் ஏறும்போது எடையைக் கேட்டால், பத்து வருடத்துக்கு முந்தைய எடையைச் சொல்லாதீர்கள். கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைக்காதீர்கள். கைப்பை, கேமரா, குளிருக்குப் போட்ட உடுப்பு, காலணி எல்லாவற்றோடும் மெஷினில் ஏறி நில்லுங்கள். மெஷின் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். விமானி இடம் மாறி உட்காரச் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் மாறி உட்காருங்கள்.